செல்லாக் காசின் செல்வம்

காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பது தமிழ். 'நாணயம்' என்று ஒருவர் சொன்னால், அவர் தம் மடியில் இருப்பதைச் சொல்கிறாரா, மனத்தில் இருப்பதைச் சொல்கிறாரா என்பதை இடம் நோக்கித்தான் அறிந்துகொள்ள வேண்டும். நாணயங்களைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கும் எனக்கு இந்த இரட்டைப் பொருள் வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றுவதில்லை. சிறு முதலில் பெரிய சேர்க்கையொன்றை உருவாக்க விரும்புபவன் இந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று முட்டும் இடத்துக்கு என்றாவது ஒரு நாள் வந்தே தீருவான். அந்த இடத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் சேர்க்கையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நாணயம் சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. யாரிடமாவது நான் காசு சேர்க்கிறேன் என்று சொன்னால், யாழ்ப்பாணத்து அரசர்கள் வெளியிட்ட 'சேது' நாணயம் உண்டா, உரோமர் காலத்துப் பொற்காசு உண்டா, ஒல்லாந்தர் காசு உண்டா என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் படரும். பிறகு, "அப்படியானால் எதைத்தான் சேர்க்கிறீர்கள்?" என்பார்கள். "சதங்களை" என்பேன். அதற்குப் பின் பேச்சு பெரும்பாலும் மழையைப் பற்றியோ மாணவர் பரீட்சையைப் பற்றியோ திரும்பிவிடும்.

நான் ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியன். இந்தப் பழக்கத்துக்கென்று மாதம் ஐந்நூறு ரூபா ஒதுக்கியிருக்கிறேன். இன்றைய விலைவாசியில் அது எவ்வளவு அற்பமான தொகை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி; அளவு குறுகியிருந்ததனால்தான் என் சேர்க்கைக்கு ஓர் உருவம் கிடைத்தது என்று இப்பொழுது உணர்கிறேன். எல்லை வகுக்காதவன் எதையும் வாங்குவான். எதையும் வாங்குபவன் பெட்டியை நிரப்புவானேயன்றிச் சேர்க்கையை உருவாக்கமாட்டான். என் எல்லை இதுதான்: 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புக் காசிலிருந்து இன்று வரை, இந்த இலங்கைத் தீவில் சாதாரண மக்களின் கைகளில் உண்மையாகவே புழங்கிய காசுகள். பெட்டியில் வைத்து விற்கப்படும் பளபளப்பான நினைவு நாணயங்கள் இல்லை. பொன் இல்லை. பழங்காலத்து நாணயம் இல்லை.

பழங்காலத்து நாணயத்தை விலக்கியதற்கு வறுமை மட்டும் காரணமன்று. அவற்றிற் போலிகள் மிகுதி. மெய்யும் போலியும் பிரித்தறியப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாதவன் வாங்குவது வரலாற்றையன்று, விற்பவனின் வாய்ச் சாதுரியத்தை. மேலும், அத்தகைய தொல்பொருட்களை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து விற்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது. தடுத்திருப்பதும் நன்றே. மண்ணுக்குள் ஒரு காசு எந்த அடுக்கில், எந்த ஓட்டுத் துண்டின் அருகில் கிடந்தது என்பதே அதன் சாட்சியம். அதைப் பிடுங்கி எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்தால் சாட்சியின் நாக்கை அறுத்து உடலை மட்டும் காட்சிக்கு வைப்பதற்கு ஒப்பாகும்.

சதத்துக்கு வருவோம். இந்த நாட்டிலே ரூபாவை நூறாகப் பகுத்துச் சதம் என்னும் முறை 1872ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பவுண், சிலிங், பென்ஸ் என்ற ஆங்கிலக் கணக்கு வழங்கிற்று. ஒரு ரூபாவுக்கு இரண்டு சிலிங் மூன்று பென்ஸ் என்று விகிதம் வகுத்தார்கள். அப்பொழுது வந்த செப்புக் காசுகளில் 1870 என்ற ஆண்டு இருக்கும்: ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், கால் சதம். ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபுறம் நடுவில் நெடிதுயர்ந்த ஒரு மரம், அதன் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து.

கால் சதம் என்பதைச் சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். நானூறு கால் சதம் சேர்ந்தால் ஒரு ரூபா. நானூறில் ஒரு பங்குக்கும் வாங்குவதற்கு ஏதோ ஒன்று சந்தையில் இருந்திருக்கிறது. அந்த ஒன்றை வாங்கி வீடு திரும்பிய ஒருத்தி இருந்திருக்கிறாள். அவள் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காசு மட்டும் தேய்ந்து, மகாராணியின் மூக்கு மழுங்கி, மரத்தின் ஓலைகள் மங்கி, அவளது கைப்பட்ட சான்றாக இருக்கிறது. தேயாத காசை வேண்டுவது சேர்ப்போர் பலரின் இயல்பு. அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த காசு விலை மலிவு; அத்துடன் அது உழைத்த காசு.

என் பெட்டியில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 1937 முதல் 1945 வரையிலான வரிசை. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்தவை. இவற்றை ஒரு துணியில் ஆண்டுப்படி பரப்பி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே இரண்டாம் உலகப் போரைப் படித்துவிடலாம் என்பேன். முதலில் வரும் சதம் கனத்த செப்புக் காசு. 1942இல் அது திடீரென்று மெலிகிறது. விட்டம் மாறவில்லை, தடிப்புத்தான் குறைந்தது. அந்த ஆண்டில்தான் மலாயாவும் பர்மாவும் யப்பானியர் வசமாயின. ஏப்பிரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. செம்பு துப்பாக்கித் தோட்டாவின் கூட்டுக்கு வேண்டியிருந்தது. சில்லறைக் கடையில் உப்பு வாங்கும் காசு அதற்கு இடம் விட்டு ஒதுங்க வேண்டியதாயிற்று.

சதுர வடிவான ஐந்து சதத்தைப் பாருங்கள். மூலைகள் வளைந்த அந்தச் சதுரக் காசு 1909ஆம் ஆண்டிலிருந்து செப்பு நிக்கற் கலவையில் வெண்மையாக வந்துகொண்டிருந்தது. 1942இல் அது மஞ்சளாகிறது. நிக்கல் கவச உருக்குக்குப் போய்விட்டது. காசுக்கு நிக்கற் பித்தளை. 1944இல் அந்த மஞ்சட் சதுரமும் மெலிகிறது. அதே ஆண்டில், அலையலையாக வளைந்த விளிம்புடன் இரண்டு சதமும் பத்துச் சதமும் பித்தளையில் வருகின்றன. வட்டம், சதுரம், அலைவிளிம்பு என்று வடிவங்கள் வேறுபட்டதனால், விளக்கில்லாத இரவிலும் எழுத்தறியாத கிழவியின் விரல்கள் காசைப் பிரித்தறிந்தன. கலையழகுக்காகச் செய்த காரியமன்று. ஆயினும் நம் சில்லறைகளுள் இந்த அலைவிளிம்புப் பத்துச் சதத்துக்கு ஈடான அழகு வேறெதற்கும் இல்லை என்பது என் துணிபு. வேறு கருத்துடையோர் எனக்கு எழுதலாம்.

வெள்ளியின் கதை தனி. 1892இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் வெள்ளியில் வந்தன. ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி. முதலாம் உலகப் போரை ஒட்டி வெள்ளியின் விலை எங்கும் ஏறிற்று. 1919இல் நம் காசில் வெள்ளி ஐந்நூற்றைம்பது பங்காகக் குறைக்கப்பட்டது. காசின் பருமன் குறையவில்லை, எழுத்து மாறவில்லை, மன்னர் முகம் வாடவில்லை. உள்ளே இருந்த வெள்ளிதான் சத்தமின்றி வெளியேறிற்று. அடுத்த போரில் அதுவும் போயிற்று: ஐம்பது சதத்தில் வெள்ளி பூண்ட கடைசி ஆண்டு 1942, 1943இல் இருபத்தைந்தும் ஐம்பதும் பித்தளையாயின.

இங்கேதான் பொருளியலார் கிரெஷம் விதி என்று கூறும் உண்மை தன் வேலையைச் செய்தது. கெட்ட காசும் நல்ல காசும் ஒரே மதிப்பில் வழங்கும்போது, நல்லதை மக்கள் ஒளித்து வைத்துக்கொள்வார்கள். கெட்டது சந்தையில் சுற்றும். நம் பெண்களுக்கு இந்த விதியை எந்தப் பேராசிரியரும் கற்பிக்கவில்லை. வெள்ளிக் காசு கொட்டைப்பெட்டிக்குள் போயிற்று. அங்கிருந்து பத்தரின் உமியோட்டுக்குப் போய், அரைஞாணாகவும் கொலுசாகவும் திரும்பிற்று. வெள்ளிக் காசுகள் இப்படி அழிந்ததைக் கண்டு சேர்ப்போர் வருந்துவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் முழுமையாக இல்லை. குழந்தையின் காலிலே ஒலித்த வெள்ளி வீணாயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பிந்திய காசுகளில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கலாம். 1940களின் காசில் மன்னர் பெயரைத் தொடர்ந்து 'அரசரும் இந்தியாவின் சக்கரவர்த்தியும்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். 1951இல் வந்த காசிலும் அதே மன்னர்தான், அதே முகந்தான். ஆனால் சக்கரவர்த்தி என்ற சொல் இல்லை. 'ஆறாம் ஜோர்ஜ் அரசர்' என்று மட்டும் இருக்கிறது. 1947இல் இந்தியா சுதந்திரம் பெற்றது. மறு ஆண்டு நாமும் பெற்றோம். ஒரு பேரரசின் வீழ்ச்சியைக் காட்டும் இந்த இரு காசுகளையும் நான் வாங்கியது இரண்டு தேநீர் விலைக்கு.

அடுத்து வந்த எலிசபெத் மகாராணியின் தலை நம் நாட்டில் எந்தக் காசில் இடம்பெற்றது என்று மாணவரிடம் கேட்டால், ரூபாவில் என்பார்கள், ஐம்பது சதத்தில் என்பார்கள். இரண்டு சதத்தில் மட்டுமே! 1955, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளில். உலகின் எத்தனையோ நாடுகளில் உயர்ந்த மதிப்புள்ள நாணயங்களில் வீற்றிருந்த அம்மையார், இங்கே ஒரு பிடி கடலைக்குக் கைமாறும் அலைவிளிம்புப் பித்தளைக் காசில் ஒதுங்கி இருந்துவிட்டுப் போனார். 1963இல் வந்த புதிய வரிசையில் அவர் முகமும் இல்லை. நாட்டின் இலச்சினை அந்த இடத்தைப் பிடித்தது. எனினும் இலச்சினையின் உச்சியைக் கூர்ந்து நோக்குங்கள்: அங்கே முடி ஒன்று இருக்கும். 1972இல் குடியரசானபோது அந்த முடியும் நீங்கிற்று. ஆங்கில எழுத்தில் நாட்டின் பெயர் சிலோன் என்பதிலிருந்து ஸ்ரீலங்கா என்று மாறிற்று. தமிழெழுத்தில் இலங்கை என்பது இலங்கையாகவே நின்றது.

1963இன் ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியம். உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஊதினால் பறந்துவிடுமோ என்று தோன்றும். 1978இல் ஐந்து சதமும் பத்துச் சதமும் அலுமினியத்துக்கு இறங்கின. 2005இல் இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் செம்பு முலாம் பூசிய உருக்காயின. ரூபாக்களும் முலாம் பூசிய உருக்காயின. 2017ஆம் ஆண்டு பொறித்த வரிசை கறையில் உருக்கு. நாம் சமையலறையில் எவர்சில்வர் என்கிறோமே, அதுதான். செம்பு, வெள்ளி, செப்பு நிக்கல், பித்தளை, அலுமினியம், முலாம் பூசிய உருக்கு, கறையில் உருக்கு என்று உலோகம் இறங்கி வந்த படிகளை என் மேசையில் ஒரே வரிசையில் காட்ட முடியும். ரூபாவின் பெறுமதி இறங்கிய படிகளும் அவைதான். 2022இல் ஒரு டொலரின் விலை சில மாதங்களுக்குள் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதையும் தாண்டியதை நாம் யாவரும் எரிபொருள் வரிசையில் நின்றபடி கண்டோம். அந்த ஆண்டுக்குப் பிறகு என்னிடம் காசு பார்க்க வரும் மாணவர்கள் வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் 'இது எவ்வளவு பழையது?' என்பார்கள், இப்பொழுது 'இதற்கு அப்போது என்ன வாங்கலாம்?' என்கிறார்கள். இரண்டாவது கேள்வியே சிறந்த கேள்வி.

சேர்க்கத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். சட்டைப் பையிலே தொடங்குங்கள் என்பதே என் மறுமொழி. 2013ஆம் ஆண்டு பொறித்த பத்து ரூபா நாணயங்களில் நாட்டின் இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக இருபத்தைந்து வகை உண்டு. பதினொரு பக்கங்கள் கொண்டவை. மிச்சக் காசிலிருந்து எடுத்தால் முழுத் தொகுதிக்கும் செலவு இருநூற்றைம்பது ரூபா; அதுவும் செலவன்று, எப்போது வேண்டுமானாலும் கடையிற் கொடுக்கலாம். விற்பவரிடம் வாங்கினால் ஒரே நாளில் இருபத்தைந்தும் கிடைத்துவிடும், விலை பன்மடங்காகும், தேடும் இன்பமும் போய்விடும். கடைக்காரர் தந்த மிச்சத்தில் மூன்று ஆண்டுகளில் ஒன்பது வகை கண்டேன். மன்னாரும் மொனராகலையும் ஒரே நாளில் ஒரே கடையில் என் கைக்கு வந்தன.

அடுத்த களம் வீடுகள். பழைய பிஸ்கட் தகரங்கள், தையற்பெட்டிகள், சாமியறைத் தட்டுகள் ஆகியவற்றில் செல்லாக் காசுகள் உறங்குகின்றன. மூன்றாவது, நடைபாதை வியாபாரிகளின் கலவைக் குவியல். தனித்தனியாக உறையிலிட்ட காசை விடக் குவியலில் இருந்து பொறுக்குவது மலிவு; பொறுமை மட்டும் வேண்டும். நான்காவது, பண்டமாற்று. என்னிடம் ஒரே ஆண்டில் நான்கு இருந்தால் மூன்றைக் கொடுத்து இல்லாத ஒன்றைப் பெறுவேன். இதில் ஐந்நூறு ரூபா தொடப்படுவதே இல்லை.

நூல்களுக்கும் பெருஞ்செலவு வேண்டாம். கொட்றிங்ரன் 1924இல் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் இத்துறைக்கு இன்றும் அடிப்படை; பெரிய நூலகங்களிற் பார்க்கலாம். கொழும்புக் கோட்டையில் சதாம் வீதியில் மத்திய வங்கி நடத்தும் அருங்காட்சியகத்தில் நம் காசுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தலைநகருக்கு அலுவலாகப் போகும் ஆசிரியர்கள் ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடலாம்.

ஒரு விடயத்தை மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காசைத் துலக்காதீர்கள். நம்மவர் கைக்குப் பழைய காசு கிடைத்ததும் முதல் வேலை புளியும் சாம்பலும் எடுத்து விளக்கைத் துலக்குவதுபோலத் துலக்குவது. காசு பளிச்சென்று ஆகும். ஆனால் நூறு ஆண்டுகள் மெல்ல மெல்லப் படிந்து செம்பைக் காத்த பழுப்புத் தோல் ஒரு நிமிடத்தில் உரிந்துபோகும். எழுத்தின் கூரும் தேயும். இழந்த அந்த நிறத்தை எவராலும் திரும்பத் தர முடியாது. மண் ஒட்டியிருந்தால் தூய நீரில் ஊறவைத்து மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கலாகாது. விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். விரல் வியர்வை முகத்திற் படலாகாது. மலிவான நெகிழி உறைகளிற் சில நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைத் தின்னும். சிறிய கடதாசி உறையே போதும். உறையின் மேல் எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு என்று எழுதி வைக்க வேண்டும். இந்த நான்கு விடயமும் எழுதாத காசு, சான்றிதழ் தொலைத்த மாணவன் போன்றது.

இனி, முதலிற் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

சிறு முதலில் சேர்ப்பவனுக்கு மிக மலிவான வழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் தெரியும், எவரும் எழுதுவதில்லை. அறியாதவரிடம் வாங்குவதே அது. தகரப் பெட்டியில் இருப்பது என்னவென்று அறியாத கிழவியிடம் 'செல்லாக் காசுதானே' என்று சொல்லி ஒரு நூறு ரூபாவை நீட்டினால், ஆயிரங்களுக்குப் பெறுமதியான பொருள் கைக்கு வந்துவிடும். இதைத் திறமை என்று மெச்சிக்கொள்ளும் சேர்ப்பாளர்களை நான் அறிவேன். அவர்களின் பேழைகள் என்னுடையதைவிட அழகானவை.

2011ஆம் ஆண்டில், என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் தன் அம்மம்மாவிடம் என்னை அழைத்துச் சென்றான். எத்தனையோ முறை ஊர் விட்டு ஊர் ஓடிய குடும்பம். ஓடும்போதெல்லாம் அந்த ஆச்சி இடுப்பிலிருந்து அவிழ்க்காத ஓலைக் கொட்டைப்பெட்டி ஒன்று. அதைத் திறந்து பாயில் கொட்டினார். பன்னிரண்டு மெலிந்த சதங்கள், சதுர ஐந்து சதங்கள் நான்கு, எலிசபெத்தின் இரண்டு சதம் ஒன்று, ஐம்பது சத வெள்ளி ஆறு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெரிய வெள்ளி வட்டம்: 1957இல் புத்த ஜயந்திக்கு வெளியிட்ட ஐந்து ரூபா.

"இதுகளை வைச்சு என்ன செய்யப்போறியள், மாஸ்டர்? கடையிலயும் எடுக்கமாட்டாங்கள். கொண்டுபோங்கோ" என்றார் ஆச்சி.

"இந்த ஏழும் வெள்ளி, ஆச்சி. சும்மா தரக்கூடாது. எனக்கு வாங்கவும் வசதி இல்லை" என்றேன்.

"வெள்ளியோ?" அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் பித்தளைக்கு வெள்ளை பூசினது எண்டெல்லோ நினைச்சன்."

ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டினேன். ஐம்பது சதம் ஒன்றின் நிறை 5.83 கிராம், அந்த ஆறும் 1919க்குப் பிந்தியவை, ஆகவே ஒவ்வொன்றிலும் தனி வெள்ளி ஏறத்தாழ 3.2 கிராம். ஐந்து ரூபா 28 கிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்தில் தொளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி. அதைப் பத்தரிடம் கொடுக்க வேண்டாம், சேர்ப்பவர்கள் வெள்ளி விலைக்கு மேலேயே தருவார்கள் என்றும் சொன்னேன். ஆச்சி தாளைப் பார்க்கவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பூட்டப்பிள்ளையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தச் சின்னதுகள் ஆறும் அவளுக்குக் கொலுசுக்கு உதவும்" என்றார்.

ஆறில் ஒன்று அபூர்வமாகத் தேயாதது. எழுத்தெல்லாம் நேற்று அச்சிட்டது போலிருந்தது. அதை மட்டும் உருக்க வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கே தந்துவிடுவார் என்பது தெரிந்திருந்தது, ஆகவே கேட்கவில்லை. நாணயம் தெரிந்தவன் உண்மையைச் சொன்னதனால் ஒரு நல்ல நாணயம் உமியோட்டுக்குப் போனது. சொல்லாமல் வாங்கியிருந்தால் அது இன்றும் என் பெட்டியில் இருக்கும். இதை நான் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தராசு ஆச்சியின் பக்கமே சாய்கிறது, ஆயினும் சற்று ஆடிவிட்டுத்தான் சாய்கிறது.

செப்பும் பித்தளையும் எனக்கென்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். மெலிந்த சதம் ஒன்றை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே, "இது கூப்பன் காலத்துக் காசு. ஐயா கூப்பன் அரிசிக்கு வரிசையில நிண்டுபோட்டு வந்து மிச்சத்தை என்ர கையில வைக்கிறவர்" என்றார். அரிசிப் பங்கீடு தொடங்கிய 1942ஆம் ஆண்டும் சதம் மெலிந்த ஆண்டும் ஒன்றென்பது எனக்கு ஏட்டறிவு; அவருக்கு அது தந்தையின் கை. அந்தச் சதத்தின் உறையில் நான் ஐந்தாவதாக ஒரு விடயத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் கைத்தொலைபேசியில் சுற்றும் செய்திகளை நம்பி, பழைய ஒரு ரூபாவுக்கு இலட்சம் கிடைக்குமாம் என்று என்னைத் தேடி வருவோர் மிகுந்துவிட்டனர். அவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மனத்துக்கு வருத்தமான வேலை. ஒருவர் மகளின் படிப்புச் செலவுக்கென்று ஒரு போத்தல் நிறைய இருபத்தைந்து சதம் கொண்டு வந்தார். எல்லாம் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு ஆயிரக்கணக்கில் எஞ்சியவை. பழமை வேறு, அருமை வேறு. எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதன்று, எத்தனை எஞ்சியுள்ளது, எத்தனை பேர் வேண்டுகிறார்கள் என்பதே விலையைத் தீர்மானிக்கும். அவரை உட்காரவைத்து இதைச் சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினேன். இந்தப் பொய்ச் செய்திகளைப் பரப்புவோர் ஒரு முறை அந்த மனிதர் போத்தலைத் திரும்ப எடுத்துச் சென்ற விதத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பாடசாலைகளுக்கு என் பெட்டியை எடுத்துச் செல்வதுண்டு. காசை மாணவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி காந்தத்தை எடுத்து வந்து ஒவ்வொரு காசாகத் தொட்டுப் பார்த்து, எந்த ஆண்டுக் காசு ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று அட்டவணை போட்டாள். 2005ஆம் ஆண்டு வந்த செம்பு முலாமிட்ட இருபத்தைந்து சதத்தைச் செம்பென்றே அதுவரை எண்ணியிருந்த அவளுடைய ஆசிரியர், அது காந்தத்தில் ஒட்டித் தொங்குவதைக் கண்டு சிரித்துவிட்டார். அந்த வகுப்பில் மூவர் இன்று சேர்க்கிறார்கள். சதங்கள் கடைகளில் வழங்கிய காலம் அவர்களுக்கு நினைவில்லை. மிச்சம் ஒரு ரூபா, இரண்டு ரூபா என்றால் கடைக்காரர் டொபி தருகிறார். ஐம்பது சதத்தை நான் அவர்களுக்குக் காட்டியபோது ஒருவன் அதை வேறு நாட்டுக் காசு என்று நினைத்தான்.

என் வரிசையில் இன்னும் நிரம்பாத இடங்கள் பல. அவற்றுள் முதன்மையானது 1904ஆம் ஆண்டுக் கால் சதம். அந்த ஆண்டோடு கால் சதம் அச்சிடுவது நின்றுபோயிற்று. பருத்தித்துறைப் பக்கத்தில் வலை பின்னும் ஒரு முதியவரிடம் இருப்பதாகக் கேள்வி. அவர் அதை வலையின் மூலையில் ஈயக் குண்டுக்குப் பதிலாகக் கட்டியிருக்கிறாராம். இந்த மாதத்து ஐந்நூறு ரூபா கையில் இருக்கிறது. காற்று எதிராக வீசாவிட்டால் சனிக்கிழமை காலையில் சைக்கிளில் போகலாமென்றிருக்கிறேன்.